‘பதிவு’ என்றொரு பாராட்டு

பூமணியின் ‘பிறகு’ (1979) நாவலைச் சமீபத்தில் மறுபடியும் படித்தேன். பல வருஷங்களுக்கு முன் ஓரங்களில் நான் போட்டிருந்த பென்சில் குறிப்புகள் அப்படியே இருந்தன: ‘உண்மை’, ‘நேர்மை’, ‘நல்ல பதிவு’. பக்கத்திலிருந்த தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளையும் எடுத்துப் புரட்டினேன். அதில்: ‘நுட்பம்’, ‘தொனி’, ‘என்ன லாகவம்!’ ஒரே கை, ஒரே பென்சில்.

இரண்டு நாவல்களுக்கும் உரையாடல் பெரும் பலம். இரண்டிலும் பாத்திரங்கள் தங்கள் ஊரும் ஜாதியும் சார்ந்த பேச்சைத்தான் பேசுகிறார்கள். ஆனால் கும்பகோணத்துப் பிராமணப் பேச்சு எனக்குக் கலையாகவும், செருப்புத் தைக்கும் அழகிரியின் கரிசல் பேச்சு தகவலாகவும் பட்டிருக்கிறது. முன்னதை ‘வட்டார வழக்கு’ என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை.

எனக்கு ஜாதித் துவேஷம் கிடையாது என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தவன் நான். அந்தச் சத்தியம் பொய்யுமல்ல. துவேஷமாக இருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். இது ருசியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. ருசியை நம் சொந்தச் சம்பாத்தியம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது வீட்டுச் சாப்பாட்டோடு சேர்ந்து வந்தது. விமர்சகனின் ஜாதி, அவனுக்கே தெரியாமல் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் வேறில்லை.

பாமாவின் ‘கருக்கு’ (1992) வந்தபோது மொழி கொச்சை என்றார்கள் சிலர். அவர்கள்மேல் கோபப்பட்ட நானும் அதை ‘வாக்குமூலம்’ என்றுதான் மெச்சினேன். வாழ்க்கையை வருஷ வரிசையில் சொல்லாமல், நடந்தவற்றையே வெவ்வேறு கோணங்களில் திரும்பத் திரும்பத் தொடும் அதன் அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொச்சை என்றவர்களாவது மொழியைக் கவனித்திருந்தார்கள்.

இதற்குப் பரிகாரம் சலுகை அல்ல. எழுதியவர் தலித் என்பதற்காகக் குறைகளைப் பொறுத்துக்கொள்வதும் அதே அலட்சியத்தின் இன்னொரு முகம்தான். கேள்விகளை இடம் மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். ‘பிறகு’வில் ஆசிரியர் எங்கெல்லாம் வாய் திறக்காமல் ஒதுங்கிக்கொள்கிறார்? வெறும் பேச்சுக்கிடையில் வருஷங்கள் எப்படி நழுவிப் போகின்றன? ‘மோகமுள்’ எந்த ஜாதியின், எந்தக் காலத்தின் பதிவு?

இந்த மூன்றாவது கேள்வியை இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டதால் அந்த நாவல் எனக்குச் சிறுத்துவிடவுமில்லை.

குறிப்புகளை அழிக்க ரப்பர் எடுத்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த மதிப்புரை எழுத உட்காரும்முன் ஒருதரம் பார்த்துக்கொள்ளலாம்.