தீண்டாதவன் யார்?

‘அன்டச்சபிள்’ என்கிற ஆங்கிலப் பெயரடைக்கு ஒரு கதை இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதற்குக் கைக்கு அகப்படாதது, உருவமில்லாதது என்று பொருள். பிறகு யாரும் கைவைக்க முடியாதது என்றானது. சிகாகோவில் சாராயக் கும்பலிடம் லஞ்சம் வாங்க மறுத்த எலியட் நெஸ்ஸின் ஆட்களை இந்தச் சொல்லால்தான் கொண்டாடினார்கள். 1987இல் அது ஒரு ஹாலிவுட் படத்துக்கே பெயரானது. யாராலும் வெல்ல முடியாத விளையாட்டு வீரரையும் இப்படித்தான் புகழ்கிறார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே சொல் நம்மேல் வந்து விழுந்தது. அவர்களைத் தொட முடியாது. நம்மைத் தொடக் கூடாது. ஒரே சொல், அங்கே மாலை, இங்கே சாணி.

‘இங்கிலீஷ்காரன் வார்த்தைதானே, சாதியையும் அவன்தான் கொண்டாந்தான்’ என்று சிலர் நழுவப் பார்க்கிறார்கள். நழுவ முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டிலேயே ‘தீண்டாச்சேரி’ இருக்கிறது. அப்போது கிழக்கிந்தியக் கம்பெனி பிறக்க இன்னும் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் கிடந்தது.

ஆனால் ஆங்கிலச் சொல் தன் பங்குக்கு ஒரு வேலை செய்கிறது. அதன் வாலில் இருக்கும் ‘ஏபிள்’ எல்லாவற்றையும் பொருளின் குணமாக்கிவிடும். ‘வாஷபிள்’ என்றால் துவைத்தால் தாங்கும் குணம் துணிக்கு. ‘அன்டச்சபிள்’ என்றால் தொடமுடியாத குணம் நமக்கு. தொட மறுத்தவன் அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை. இதற்கு ஈடாகத் தமிழில் புழங்கும் ‘தீண்டத்தகாதவர்’ இன்னும் மோசம். தகாதவர்! யாருக்கய்யா தகுதி இல்லை?

நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். பெயரெச்சம் இரண்டு பக்கமும் போகும். ‘உண்ணாத பிள்ளை’ என்றால் பிள்ளை உண்ணவில்லை. ‘உண்ணாத சோறு’ என்றால் சோறு உண்ணப்படவில்லை. அப்படிப் பார்த்தால் தீண்டாத சாதி என்பது தொட மறுக்கிற சாதியையும் குறிக்கலாம். இலக்கணம் இரண்டு வழியும் திறந்து வைத்தது. ஊர்தான் ஒரு வழியை அடைத்தது. ‘தீண்டாமை’யில் அந்தக் குழப்பமும் கிடையாது. அது எதிர்மறைத் தொழிற்பெயர். உண்ணாமை சோற்றின் குணமா? உண்ணாதவன் செய்கை. அதுபோலத் தீண்டாமை தீண்டாதவன் செய்கை. செய்தவனுக்குத்தான் வெட்கமும், தண்டனையும்.

அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் அந்த ஆங்கிலச் சொல்லைத்தான் வைத்தார். ஆனால் அவர்கள் யார், ஏன் அப்படி ஆனார்கள் என்று துணைத்தலைப்பிலேயே கேட்டார். குணமாக இருந்தால் ‘ஏன் ஆனார்கள்’ என்ற கேள்விக்கே இடமில்லை. வரலாறாக இருந்தால்தான் இடமுண்டு. அதே ஆண்டு நவம்பர் 29இல் அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்பை நிறைவேற்றியது. அதுவே 17ஆம் பிரிவு. அது ஒழிக்கச் சொல்வது ஒரு நடைமுறையை, அதைக் கடைப்பிடிப்பதுதான் குற்றம். நம்மைத் திருத்தச் சொல்லி அதில் ஒரு வரிகூட இல்லை.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008இல்தான் இடித்தார்கள். அந்தச் சுவரைக் கட்டியது யார்? அவர்கள்தான் தீண்டாதவர்கள். இனி பத்திரிகையிலோ பாடநூலிலோ அந்தப் பெயரடையை எழுதுகிறவர்கள் அதை அவர்களுக்கு முன்னால் போட்டு எழுதட்டும்.