தரிசுப் பாட்டு யார் பங்குக்கு?

அசலை உடைத்துப் புதிதாக்காத கவர் பாடல் வெறும் நகல் என்பது இன்றைய இசை விமர்சனத்தில் மறுபேச்சில்லாத தீர்ப்பாகிவிட்டது. புகழ்பெற்ற ராக் ஆல்பம் ஒன்றை இண்டி இசைக்குழுக்கள் பல சேர்ந்து மறுபடி இசைத்து அஞ்சலித் தொகுப்பாக வெளியிடும்போதெல்லாம் மதிப்புரைகள் இந்த அளவுகோலைத்தான் கையில் எடுக்கின்றன. யார் அதிகம் மாற்றினார்கள், கிதார் பாட்டைப் பியானோவுக்குக் கொண்டுபோனது யார், வேகத்தைப் பாதியாகக் குறைத்தது யார்? தனிப் பாட்டுக்கு இது ஓரளவு பொருந்தலாம். முழு ஆல்பத்தையும் பலர் பங்குபோட்டு எடுக்கும் வேலைக்குப் பொருந்தவே பொருந்தாது. அது ஒரு பாகப்பிரிவினை. நஞ்சை சிலருக்கு வரும். தரிசும் யாருக்காவது விழுந்தே தீரும். தரிசு விழுந்தவர் அதை என்ன செய்தார் என்பதை வைத்தே தொகுப்பை எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

தொடக்கத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1986இல் புஸி கலோர் குழு ரோலிங் ஸ்டோன்ஸின் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ முழுவதையும் இரைச்சலாக்கிக் கேசட்டில் போட்டது. 1988இல் ஸ்லோவேனியாவின் லைபாக், பீட்டில்ஸின் ‘லெட் இட் பீ’யைத் தலைப்புப் பாடலை விட்டுவிட்டு ராணுவ அணிவகுப்பாக மாற்றியது. இரண்டும் தனிக் குழு ஒன்று முன்னோரோடு போட்ட சண்டைகள். பங்கு பிரிப்பதை என்.எம்.இ. இதழ்தான் பரவலாக்கியது. சைல்ட்லைன் என்ற குழந்தைகள் உதவி அமைப்புக்கு நிதி திரட்ட, அதே 1988இல் அது ‘சார்ஜன்ட் பெப்பர் நியூ மை ஃபாதர்’ தொகுப்பைக் கொண்டுவந்தது. அதிலிருந்து வெட் வெட் வெட் பாடியதும் பில்லி பிராக் பாடியதும் ஒரே சிங்கிளாக வந்து பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்தன. நான் அதைத் தேடி எடுப்பது வேறொரு பாட்டுக்காக. ‘விதின் யூ விதவுட் யூ’ சோனிக் யூத் பங்குக்கு வந்தது. ஜார்ஜ் ஹாரிசன் மற்ற மூன்று பீட்டில்ஸும் இல்லாமல், லண்டன் ஏஷியன் மியூசிக் சர்க்கிளின் இந்தியக் கலைஞர்களோடு பதிவு செய்த பாட்டு அது. ராக் ரசிகர்கள் பலர் தாண்டிப்போவது. சோனிக் யூத் அதைக் கேலி செய்யவில்லை, கீழைத்தேய அலங்காரமும் பூட்டவில்லை. விசித்திரமாகச் சுருதி மாற்றிய தங்கள் கிதார்களின் ரீங்காரத்தைத் தம்பூரா நின்ற இடத்தில் நிறுத்தினார்கள். அவர்கள் இசைக்கும் ஹாரிசனுக்கும் இருந்த உறவு அந்தப் பங்கீட்டில்தான் வெளியே வந்தது.

புதிதாக்கு என்பவர்கள் உடனே நீட்டும் சாட்சி ‘ஹாலலூயா’. லியனார்ட் கோஹனின் 1984ஆம் ஆண்டு ஆல்பத்தில் புதைந்துகிடந்த பாட்டு. அந்த ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிடவே கொலம்பியா நிறுவனம் மறுத்திருந்தது. 1991இல் ‘ஐ’ம் யுவர் ஃபேன்’ தொகுப்புக்காக ஜான் கேல் அதை எடுத்தார். அவர் வழியில் 1994இல் ஜெஃப் பக்லி. சரி, கேல் என்னதான் செய்தார்? பின்னணிக் குரல்களையும் சிந்தசைசரையும் விலக்கிப் பியானோ முன் உட்கார்ந்தார். கோஹன் எழுதிக் குவித்திருந்த சரணங்களிலிருந்து தமக்கு வேண்டியதைப் பொறுக்கினார். அதை உடைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத பாட்டைப் பொறுமையாக வாசித்த வாசகரின் வேலை அது.

என் மனம் தங்கியிருப்பது 1999இலும் 2000இலும். அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த இரண்டு தொகுப்புகள் இந்த வடிவத்தின் உச்சம். அவற்றைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் மிகக் குறைவு.

முதலாவது ‘மோர் ஓர்’. மோபி கிரேப் குழுவின் ஸ்கிப் ஸ்பென்ஸ் 1968இல் நியூயார்க்கில் மனநிலை குலைந்து கோடரியோடு சக கலைஞரைத் தேடிப் போனவர். பெல்வ்யூ மருத்துவமனையில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்து, அந்த டிசம்பரில் நாஷ்வில்லில் மூன்று ட்ராக் கருவியில், எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்து ‘ஓர்’ என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார். 1969இல் வந்தது; விற்கவே இல்லை. ஹிட் என்று சொல்ல ஒரு பாட்டுகூட அதில் கிடையாது. பங்கு போட வந்தவர்கள் எல்லோருக்கும் தரிசுதான். வந்தவர்களோ ராபர்ட் பிளான்ட், டாம் வெய்ட்ஸ், மார்க் லானகன், மட்ஹனி, பெக். ஸ்பென்ஸ் அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டில் கிணற்றடியிலிருந்து வரும் கனத்த குரலிலும் இன்னொன்றில் சிறுவனைப் போன்ற மேல்குரலிலும் பாடுகிறார். ஒரே மனிதருக்குள் பல பேர். தொகுப்பு அந்தப் பல பேருக்கும் தனித்தனி உடலைக் கொடுத்தது. கனத்த குரல் ‘கிரிப்பிள் கிரீக்’ வழியாக லானகனிடம் போயிற்று. லெட் செப்பலினில் உச்சத்தில் கத்திப் பழகிய பிளான்ட், ‘லிட்டில் ஹேண்ட்ஸ்’ பாட்டை அடக்கி, மென்மையாகப் பாடுகிறார். இசை அமைப்பில் பெரிய புரட்சி எதுவும் இல்லை. ஸ்பென்ஸ் பாதியில் விட்ட வாக்கியங்களை ஆளுக்கொன்றாக முடித்துக்கொடுத்தார்கள். இதைத் திட்டமிட்ட பில் பென்ட்லிதான் 1990இல் ராக்கி எரிக்சனுக்கும் அஞ்சலித் தொகுப்பு செய்தவர். மனநோயில் தொலைந்துபோன இரண்டு கலைஞர்களைப் பாடல்களின் வழியாக மீட்டவர். ராக் வரலாறுகளில் அவருக்கு அடிக்குறிப்புக்கு மேல் இடமில்லாதது எனக்குப் பொறுக்கவில்லை. 1999 ஏப்ரலில், தொகுப்பு கடைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்னால், 52 வயதில் ஸ்பென்ஸ் இறந்தார்.

இரண்டாவது ‘பேட்லேண்ட்ஸ்’. ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூஜெர்சி வீட்டில் உட்கார்ந்து நான்கு ட்ராக் கேசட் கருவியில் பதிவு செய்த மாதிரிப் பாடல்களே ‘நெப்ராஸ்கா’ ஆயின. உறை இல்லாத அந்தக் கேசட்டைச் பையில் போட்டுக்கொண்டு திரிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 2000இல் ஜிம் சாம்பாஸ் தயாரித்து சப் பாப் லேபிள் வெளியிட்ட தொகுப்பு, பங்கேற்றவர்களை அந்த எளிமைக்குள்ளேயே நிற்கச் சொன்னது. புதிதாக்கு என்ற கட்டளைக்கு நேர் எதிரான கட்டளை. அதற்குள் நின்றுகொண்டு கிறிஸ்ஸி ஹைண்ட் தலைப்புப் பாடலைப் பாடுகிறார். 1958இல் ஊர் ஊராகக் கொன்றுகொண்டு போன இளைஞன் ஸ்டார்க்வெதரின் வாக்குமூலம், பெண் குரலில். கொலைகாரனுக்குப் பக்கத்து இருக்கையில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள் என்பது அசலைக் கேட்கும்போது பின்னால் நகர்ந்துவிடும். ஹைண்ட் பாடும்போது அவள் முன்னால் வந்துவிடுகிறாள். குற்றவாளித் தம்பியைத் தப்பவிடும் போலீஸ்காரரின் கதையை டார் வில்லியம்ஸ் பாடுகிறார். தகப்பன் பழைய கார் வாங்குவதைப் பார்க்கும் பிள்ளையின் அவமானத்தை அனி டிஃபிராங்கோ. குரல் மாறியதே போதுமானதாக இருந்தது. ஆல்பத்தில் இல்லாத மூன்று பாடல்களைச் சேர்த்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவற்றில் ஒன்றைப் பாட ஜானி கேஷே வந்தாலும் வரிசை வரிசைதான்.

அப்புறம் ஆண்டுவிழாக் காலம். பத்தாண்டு, நாற்பதாண்டு என்று கணக்கெடுத்துத் தொகுப்புகள் வரிசைகட்டி வந்தன, பெரும்பாலானவை சடங்கு. 2007இல் ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பத்தின் பத்தாண்டை ஒட்டி ஸ்டீரியோகம் இணையதளம் இலவசமாக வெளியிட்ட ‘ஓகேஎக்ஸ்’ விதிவிலக்கு. முதல் ஆல்பமே அப்போது வந்திராத வேம்பயர் வீக்கெண்டுக்கு அதில் ஒரு பாட்டு. ரசிகர்கள் தாண்டிப்போகும் ‘எலெக்‌ஷனீரிங்’ கோல்ட் வார் கிட்ஸுக்கு. கணினிக் குரல் படிக்கும் ‘ஃபிட்டர் ஹேப்பியர்’கூட விடுபடவில்லை. 2011இல் ஸ்ட்ரோக்ஸின் ‘இஸ் திஸ் இட்’ ஆல்பத்துக்குச் செய்த தொகுப்பில் ‘நியூயார்க் சிட்டி காப்ஸ்’ ராப் பாடகர் ஹீம்ஸுக்கு விழுந்தது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்க சிடியிலிருந்தே நீக்கப்பட்ட பாட்டு. குவீன்ஸ் பகுதியில் வளர்ந்த பஞ்சாபி வம்சாவளிக்காரரான ஹீம்ஸ், நியூயார்க் போலீஸின் வன்முறையை அதில் ஒவ்வொன்றாக அடுக்கினார். பாட்டை அவர் அடியோடு மாற்றினார் என்பது உண்மை. ஆனால் அந்த மாற்றம் வெளியிலிருந்து ஒட்டியதல்ல. பாட்டு நீக்கப்பட்ட காரணத்துக்குள்ளேயே அது கிடந்தது.

இனி 2021 செப்டம்பர். மெட்டாலிக்காவின் 1991ஆம் ஆண்டுக் கறுப்பு ஆல்பத்துக்கு ‘பிளாக்லிஸ்ட்’ வந்தது. 12 பாடல்களுக்கு 53 கவர்கள், வருமானம் தொண்டுக்கு. நோக்கம் நல்லது. ஆனால் யார் எதை எடுப்பது என்பதில் கட்டாயமே இல்லை என்பது கேட்டவுடன் தெரிகிறது. ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ 12 முறை, ‘அன்ஃபர்கிவன்’ 7 முறை, ‘ஸேட் பட் ட்ரூ’ 7 முறை. ‘தி ஸ்ட்ரகிள் விதின்’ ஒரே முறை, ‘ஆஃப் உல்ஃப் அண்ட் மேன்’ ஒரே முறை. நஞ்சைக்கு அடிதடி, தரிசுக்கு ஆளில்லை. ஒவ்வொருவரும் கேட்டவுடன் அடையாளம் தெரியும் பாட்டை எடுத்துத் தம் பாணியில் புரட்டினார்கள். புதிதாக்கு என்ற கட்டளை முழு வெற்றி பெற்ற இடம் இதுதான். நான்கு மணி நேரத்துக்கும் மேல் கேட்ட பிறகும் அந்த ஆல்பத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒரே விலக்கு, ‘தி ஸ்ட்ரகிள் விதின்’ எடுத்த ரோட்ரிகோ–கேப்ரியெலா. மெக்சிகோ நகரில் த்ராஷ் மெட்டல் வாசித்து வளர்ந்த அந்த இருவரும், யாருக்கும் வேண்டாத கடைசிப் பாட்டை இரண்டு கிதார்களில் வாசித்து எழுப்பி நிறுத்தினார்கள்.

அதே மாதம் ‘தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிக்கோ’வுக்கு ‘ஐ’ல் பி யுவர் மிரர்’ தொகுப்பும் வந்தது. 11 பாடல்கள், 11 பங்குகள். நீனோ ரோட்டா, தெலோனியஸ் மங்க், குர்ட் வைல் என்று 1981 முதலே பங்கு பிரித்துப் பழகிய ஹால் வில்னரின் கடைசி வேலைகளுள் ஒன்று. முந்தைய ஆண்டு ஏப்ரலிலேயே அவர் இறந்துவிட்டார். ஆல்பத்தின் கரடுமுரடான இரண்டு இறுதிப் பாடல்கள் ஃபொன்டைன்ஸ் டி.சி.க்கும், மேட் ஸ்வீனியோடு சேர்ந்த இக்கி பாப்புக்கும். ‘ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ்’ செயின்ட் வின்சென்டுக்கும் தாமஸ் பார்ட்லெட்டுக்கும். டவ்மேன் என்ற பெயரில் ‘ஓகேஎக்ஸ்’ தொகுப்பைத் தொடங்கிவைத்தவர்தான் இந்த பார்ட்லெட். செயின்ட் வின்சென்ட் ‘பிளாக்லிஸ்ட்’, இந்தத் தொகுப்பு இரண்டிலும் இருக்கிறார். அங்கே ‘ஸேட் பட் ட்ரூ’ பாடிய ஏழு பேரில் ஒருவராகத் தம் பாணியை நன்றாகவே காட்டுகிறார். இங்கே ‘ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ்’ பாட்டுக்கு வேறு ஆள் இல்லை. அசலைப் பாடிய நிக்கோவின் சாயல் விழாமல், பாடுவதை விட்டுப் பேச்சுக்கு இறங்கி, ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார்.