படியெடுப்பும் படைப்பும்: சென்னைக் கலைப்பள்ளியின் பயிற்சி முறை குறித்த ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டில் தோன்றிய கலைப்பள்ளிகளைப் பற்றி எழுதுவோர் ஒரு குற்றச்சாட்டைத் தவறாமல் கூறுவர். அப்பள்ளிகள் மாணவரைப் படியெடுக்கப் பழக்கின. அப்பழக்கம் அவர்தம் படைப்பாற்றலைக் கெடுத்தது என்பதே அது. 1850இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கலைப்பள்ளியும் இக்குற்றச்சாட்டினின்று தப்பவில்லை. இக்கருத்து ஏற்கத்தக்கதா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

படியெடுப்பு எல்லாப் பயிற்சிக்கும் பொதுவானது. அதனைக் குறையாகக் கொண்டால் உலகின் பெரும்பாலான கலைப்பயிற்சிகளைத் தள்ள நேரும். சென்னைப் பள்ளியின் குறை, பயிற்சியின் ஏணி எந்தப் படியில் நிறுத்தப்பட்டது என்பதில் உள்ளது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. இதனை விளக்க இரண்டு ஒப்பீடுகள் மேற்கொள்ளப்படுகின்றன. ஒன்று, அக்காலத்து ஐரோப்பியக் கலைப்பயிற்சிக்கு அளவுகோலாக விளங்கிய பாரிசு நுண்கலைப் பள்ளி. மற்றொன்று, அதே சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கார்வேட்டிநகரத்து இசைமரபு. பயிற்சி என்பதை மொழி கற்றலோடு இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் அணுகுமுறையாகும்.

2. பாரிசுப் பள்ளியின் படிநிலைகள்

பிரான்சில் 1648இல் அரசக் கழகம் ஒன்று ஓவியத்திற்கும் சிற்பத்திற்குமாக நிறுவப்பட்டது. அதன் வழிவந்த பாரிசு நுண்கலைப் பள்ளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வண்ணம் தீட்டக் கற்பிக்கப்படவில்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம். அங்குக் கற்பிக்கப்பட்டது கோட்டோவியமே. வண்ணம் தீட்டுதலை மாணவர் தனி ஆசிரியர்களின் ஓவியக் கூடங்களில் பயின்றனர். 1863ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின்னரே பள்ளிக்குள் ஓவியக் கூடங்கள் அமைந்தன.

பயிற்சி ஒழுங்கு தெளிவானது. மாணவன் முதலில் அச்சிட்ட படங்களைப் பார்த்துக் கண், மூக்கு, செவி என உறுப்புகளைத் தனித்தனியே வரைந்தான். பின்பு முழு உருவத்தை வரைந்தான். அடுத்துப் பழைய கிரேக்க, உரோமானியச் சிலைகளின் சுண்ணச் சாந்துப் படிகளை வரைந்தான். அதன்பின்னரே உயிருள்ள மனித உருவத்தை நேரில் கண்டு வரையும் தகுதி பெற்றான். ஷார்ல் பார்க், ஜெரோம் ஆகிய இருவரும் 1866க்குப் பின் வெளியிட்ட வரைபடப் பாடநூலின் 197 தகடுகள் இவ்வொழுங்கை இன்றும் காட்டுகின்றன. அதன் முதற்பகுதி சிலைப்படிகள். இரண்டாம் பகுதி முன்னோர் ஓவியங்கள். மூன்றாம் பகுதி மனித உருவங்கள்.

இவை அனைத்தும் படியெடுப்பே. எனினும் ஏணி அங்கு முடியவில்லை. அதன் உச்சியில் 1663 முதல் வழங்கப்பட்டு வந்த ‘ரோமாபுரிப் பரிசு’ நின்றது. இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்த பதின்மர் தனித்தனி அறைகளில் 72 நாள்கள் உழைத்து, கொடுக்கப்பட்ட ஒரு கதைப்பொருளைத் தாமே அமைத்து ஓவியமாக்க வேண்டும். தொடக்கத்தில் வரைந்த உத்தேசப் படத்தின் அமைப்பினின்று பின்னர் விலகுதல் கூடாது. முதல் நாளே தன் கருத்தை வரையறுத்துக்கொண்டு, அக்கருத்துக்கு இறுதிவரை பொறுப்பேற்கும் கடப்பாடு இது. பல்லாண்டுப் படியெடுப்பு இந்த ஒரு செயலுக்கான ஆயத்தமாகவே கருதப்பட்டது.

இதனைத் தமிழ் மரபில் வைத்து விளங்கிக்கொள்ளலாம். தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களை உடையது. நீண்ட பஞ்சத்திற்குப்பின் எழுத்தும் சொல்லும் வல்லவரைப் பெற்ற பாண்டியன், பொருளதிகாரம் வல்லவரைப் பெறாது வருந்தினான் என்று இறையனார் களவியலுரை ஒரு செய்தியைக் கூறும். முன்னிரண்டும் பின்னதன் பொருட்டே என்பது அவ்வருத்தத்தின் உட்கருத்து. கண்ணும் மூக்கும் வரைதல் எழுத்து. முழு உருவம் வரைதல் சொல். கதைப்பொருளை அமைத்தல் பொருள். பாரிசுப் பள்ளி மூன்றையும் கொண்டிருந்தது. அதன் பொருளதிகாரம் பழைய கதைகளுக்குள் குறுகிக் கிடந்தது என்பதும், 1897 வரை அங்குப் பெண்களுக்கு இடமில்லை என்பதும் வேறு குறைகள். ஏணி முழுமையானது என்பது மட்டுமே இங்கு வேண்டுவது.

3. சென்னைக் கலைப்பள்ளி

சென்னைப் பள்ளியைத் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர். 1850இல் தம் சொந்தப் பொறுப்பில் கலைப்பள்ளியையும் அடுத்த ஆண்டில் தொழிற்பள்ளியையும் அவர் அமைத்தார். 1855இல் அரசு இதனை ஏற்றது. கலைப்பிரிவு, தொழிற்பிரிவு என இரண்டு பிரிவுகள் இருந்தன. வரைதல், செதுக்கச்சு முதலியன ஒன்றிலும், மட்கலம், ஓடு, செங்கல் முதலியன மற்றொன்றிலும் இடம்பெற்றன. ஒளிப்படக் கலையும் இங்குக் கற்பிக்கப்பட்டது. கல்கத்தா, பம்பாய், லாகூர் ஆகிய இடங்களில் அமைந்த பள்ளிகளுக்கு இது காலத்தால் முந்தியது.

இந்தியக் கலைப்பள்ளிகளின் பாடத்திட்டம் பின்னர் இலண்டனின் தென் கென்சிங்டன் முறையைச் சார்ந்து அமைந்தது. 1852இல் ஹென்றி கோல் தலைமையில் தோன்றிய துறை வகுத்த இம்முறை 23 நிலைகளை உடையது. கருவிகளைக் கொண்டு நேர்கோடுகளும் வடிவங்களும் வரைதல் முதல் நிலை. தட்டையான மாதிரியைப் பார்த்துப் புறக்கோடு வரைதல் அடுத்த நிலை. நிழல் தீட்டல், செடிகொடி, மனித உருவம் எனப் படிப்படியாக ஏறிச் செல்லும் இவ்வரிசை, அணிவேலைப்பாட்டு வடிவமைப்பிலும் தொழில்நுட்பப் படிப்பிலும் முடிவடைகிறது. பாரிசு ஏணியின் உச்சியில் ஒரு கதை. தென் கென்சிங்டன் ஏணியின் உச்சியில் ஒரு பொருளின் மேற்பரப்பு. ஆலைத்தொழிலுக்கு வேண்டிய வடிவமைப்பாளரை உருவாக்குதல் பின்னதன் நோக்கம் ஆதலின் இம்முடிவு இங்கிலாந்தில் இயல்பானதே. அங்கு, கதை அமைக்க விரும்பியவனுக்கு வேறு கழகம் இருந்தது. சென்னையில் ரோமாபுரிப் பரிசுக்கு ஒப்பான வாயில் எதுவும் பள்ளியின் அமைப்பில் இடம்பெறவில்லை.

பள்ளியின் பின்னைய வரலாறும் இதனை உறுதிப்படுத்துகிறது. கட்டடக் கலைஞரான சிஷோம் 1877இல் பொறுப்பேற்றார். 1884இல் வந்த ஈ.பி. ஹாவெல் மாகாணத்துக் கைத்தொழில்களை ஆராய்ந்து, மரபுவழிக் கைவினைகளுக்குப் பள்ளியில் இடமளிக்க முனைந்தார். ஆல்பிரட் சாட்டர்டன் காலத்தில், 1898இல், அலுமினியப் பாத்திரத் தொழில் இப்பள்ளியிலேயே தொடங்கியது. கலைப்பள்ளியின் வளாகத்தில் சமையற்பாத்திரம் உருவானது இகழத்தக்கதன்று; பலருக்கு அது பிழைப்பளித்தது. ஆயின் பள்ளி எதனைத் தன் இறுதி விளைவாகக் கருதியது என்பதை அது காட்டுகிறது.

ஹாவெலின் நிலை தனியே ஆராயத்தக்கது. ஐரோப்பிய மாதிரிகளைப் படியெடுப்பதை அவர் வன்மையாக எதிர்த்தார். 1896இல் கல்கத்தாப் பள்ளிக்குப் பொறுப்பேற்றபின், அங்கிருந்த ஐரோப்பிய ஓவியப் படிகளை அகற்றி இந்திய ஓவியங்களுக்கு இடமளித்தார். மாணவருள் ஒரு பகுதியினர் இதனை எதிர்த்து வெளியேறினர். இவ்வெதிர்ப்பை அடிமை மனப்பான்மை என எளிதில் ஒதுக்கிவிடுதல் கூடாது. மாதிரியை மாற்றுவதால் ஏணி நீள்வதில்லை. தமக்கு ஏற்றது எது என்பதை மீண்டும் பிறரே முடிவு செய்கின்றனர் என்ற உணர்வு அம்மாணவர்க்கு இருந்திருப்பின், அது நியாயமற்றதன்று.

பள்ளிக்கு வெளியே நிகழ்ந்த ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. 1873இல் சென்னை ஓவியக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்ற இரவிவர்மா இப்பள்ளியில் பயின்றவர் அல்லர். படியெடுத்தும் பார்த்தும் பழகியவரே அவரும். கதைப்பொருளை அமைக்கும் மேற்படிக்கு அவர் தாமே ஏறிக்கொண்டார்.

4. சொற்கள் காட்டும் பாகுபாடு

கலைப்பிரிவு, தொழிற்பிரிவு என்ற பாகுபாடு தமிழ்ச் சொல்லாட்சிக்குப் புதியது. ‘கலை’ என்னும் சொல் அறுபத்து நான்கு கலைகள் என்ற வழக்கில் இசையையும் தச்சுத்தொழிலையும் ஒருங்கே தழுவி நின்றது. ஓவியரைக் குறிக்க மதுரைக்காஞ்சி வழங்கும் ‘கண்ணுள் வினைஞர்’ என்னும் தொடரில் ‘வினை’ என்னும் தொழிற்சொல்லே தலைமையாக உள்ளது. காண்போர் கண்ணில் தம் தொழிலை நிறுத்துவோர் என்பது அதன் கருத்து. தொழிலையும் கலையையும் பிரித்துணரும் தேவை அச்சொல்லில் இல்லை. ‘நுண்கலை’, ‘கவின்கலை’ என்னும் சொற்கள் பிற்காலத்தில் இப்பாகுபாட்டை ஏற்று ஆக்கப்பட்டவை. இன்று அப்பள்ளி கவின் கலைக் கல்லூரி என்று வழங்கப்பெறுகிறது.

பயிற்சிக்குரிய சொற்களும் கருதத்தக்கன. வண்ணமின்றிக் கோட்டளவில் நிற்கும் ஓவியத்தை நெடுநல்வாடை ‘புனையா ஓவியம்’ என்னும். மணிமேகலை ‘ஓவியச் செந்நூல்’ ஒன்றைக் குறிப்பிடும். சிற்பியரிடையே ‘தாலம்’ முதலிய அளவுச் சொற்கள் இன்றும் வாழ்கின்றன. கலைக்கல்லூரி மாணவரோ ‘அவுட்லைன்’, ‘ஷேடிங்’, ‘பெர்ஸ்பெக்டிவ்’ என்றே பேசுகின்றனர். கடன்சொல் வருவது இழிவன்று. ஆனால் தச்சர், கம்மியர் குடியில் பிறந்த மாணவன் வீட்டில் அறிந்த அளவும் பள்ளியில் கற்ற அளவும் ஒன்றையொன்று அறியாத இரு மொழிகளாக நின்றன. இவ்விரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பு நிகழவில்லை என்பதே இழப்பு.

5. கார்வேட்டிநகரத்து வருணம்

புத்தூருக்கு அண்மையில் உள்ள கார்வேட்டிநகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு ஜமீனின் தலைநகர். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது இப்பகுதி அதனுள் அடங்கியது. தமிழும் தெலுங்கும் ஒருங்கு வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில், வேணுகோபாலசாமியை முன்னிலைப்படுத்திப் பதங்கள் பாடிய சாரங்கபாணியும், வருணங்கள் இயற்றிய கோவிந்தசாமய்யா, கூவனசாமய்யா ஆகியோரும் வாழ்ந்தனர். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி, இவ்வருண ஆசிரியர்களைக் குறிப்பிடுகிறது.

வருணம் என்பதன் இயல்பு நம் ஆய்வுக்கு ஒளி தருவது. சரளி, சண்டை, அலங்காரம், கீதம் எனச் செல்லும் பயிற்சி வரிசையில் மாணவன் அடுத்து அடைவது வருணம். இரண்டு காலங்களில் அதனைப் பாடிப் பழகுவதால் குரலும் தாளமும் ஒழுங்குபடுகின்றன. ஆகவே அது ஒரு பயிற்சிப் பாடம். அதே வருணம் அரங்கில் கச்சேரியின் தொடக்கமாகவும், பதவருணமாயின் ஆடல் நிகழ்ச்சியின் நடுநாயகமாகவும் நிற்கிறது. ஆகவே அது ஒரு முழுப் படைப்பு. மேலும், இராகத்தின் சிறப்பான சுரக்கோவைகள் அதனுள் பொதிந்திருப்பதால், பின்னர்த் தானே கற்பனைச்சுரம் பாடும் மாணவனுக்கு அது சொற்களஞ்சியமாகவும் இலக்கணமாகவும் பயன்படுகிறது.

வருணத்தை மாணவன் ஆசிரியர் பாடியபடியே பாடுகிறான். கலைப்பள்ளி மாணவன் சாந்துப்படியை வரைவதைக் காட்டிலும் இது கண்டிப்பான படியெடுப்பு. ஆயினும் அது படைப்பாற்றலைக் கெடுத்தது என்று எவரும் கூறுவதில்லை. காரணங்கள் இரண்டு. படியெடுக்கப்படும் பொருளும் பின்னர் உருவாக்க வேண்டிய பொருளும் ஒரே மொழியைச் சேர்ந்தவை. ஏணியின் உச்சியில் கற்பனைக்கு இடம் உண்டு.

இதனால் பழைய முறையே சிறந்தது என்று கொள்ளலாகாது. குருவழிப் பயிற்சியின் வாயில் பிறப்பாலும் பாலாலும் காக்கப்பட்டது. சிலருக்கு அது அடைக்கப்பட்டது. சிலருக்கு அது விலக முடியாத குலக்கடமையாயிற்று. கலைப்பள்ளி பயிற்சியை எழுதிவைத்த பாடமாக்கியது. எழுதிவைத்த பாடத்தைப் பிறர் கற்கலாம், குறைகூறலாம், திருத்தலாம். அவ்வகையில் ஹண்டரின் பள்ளி தந்தது சிறிய கொடையன்று.

6. மொழி கற்பித்தல் தரும் விளக்கம்

மொழி கற்பித்தலிலும் இதே சிக்கல் எழுந்துள்ளது. 1950களின் இறுதியில் சென்னை மாகாணத்தில் ஆங்கிலம் கற்பிக்க ஒரு பேரியக்கம் நடைபெற்றது. வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தித் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்குவது அதன் வழி. பழகிய அமைப்புகளை மாணவர் பிழையின்றிச் சொன்னாலும், தம் கருத்தைக் கூறத் தடுமாறினர் என்ற குறை பின்னர் எழுந்தது. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் என்.எஸ். பிரபு நடத்திய திட்டம், அமைப்புகளைப் பழக்காமல், மாணவர் சிந்தித்துத் தீர்க்க வேண்டிய பணிகளைக் கொடுத்தது.

இங்குக் கற்க வேண்டியது, போலச் செய்தல் வேண்டாம் என்பதன்று. குழந்தை கேட்ட மொழியிலிருந்தே மொழியைப் பெறுகிறது. எனினும் தான் கேளாத வாக்கியங்களைப் பேசுகிறது. கேட்டது பேசுவதற்கு வாயிலாக அமைய, அக்குழந்தைக்குச் சொல்வதற்கு ஒரு பொருளும் அதனைக் கேட்பதற்கு ஓர் ஆளும் வேண்டும். சென்னைப் பள்ளி மாணவனுக்குக் கோடு கொடுக்கப்பட்டது. சொல்வதற்குரிய பொருளை அவனிடம் எவரும் கேட்கவில்லை.

7. முடிவுரை

ஏணி பிற்காலத்தில் நீண்டது. 1929இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி பள்ளியின் முதல் இந்தியத் தலைவரானபின் ஓவியரும் சிற்பியரும் தம் சொந்தப் படைப்புகளால் அறியப்பட்டனர். அங்குப் பயின்று 1957இல் தலைமையேற்ற கே.சி.எஸ். பணிக்கர், 1960களில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையில் சாதகக் கட்டங்களையும் எழுத்துப் போன்ற வடிவங்களையும் ஓவியப்பரப்பில் நிறைத்தார். அவரும் மாணவரும் 1966இல் அமைத்த சோழமண்டலத்தில், கைவினைப் பொருள்களின் வருவாய் ஓவியத்தைக் காத்தது. 1855இல் இரண்டாகப் பிரிக்கப்பட்ட பிரிவுகள் அங்கு ஓரளவு மீண்டும் சேர்ந்தன எனலாம்.

ஆகவே, படியெடுப்பின்மேல் சுமத்தப்படும் பழி பொருத்தமற்றது. அப்பழி நீடிப்பதால் இன்றும் தீங்கு உண்டு. அதனை நம்புவோர் அடிப்படைப் பயிற்சியைக் கைவிட்டு, எழுத்தறியா முன்னரே பொருள் எழுதச் சொல்கின்றனர். அதனை மறுப்போர் பயிற்சியோடு நின்றுவிடுகின்றனர். கலைக்கல்லூரியாயினும் மொழி வகுப்பாயினும் ஒரு பாடத்திட்டத்தை மதிப்பிட மூன்று வினாக்கள் போதும். பயிற்சிக்குரிய பொருளும் படைப்புக்குரிய பொருளும் ஒரு மொழியைச் சேர்ந்தனவா? ஏணியின் உச்சிப்படி எது? அப்படியில் ஏறத்தக்கவர் இவர், தகாதவர் இவர் என முன்கூட்டியே முடிவு செய்பவர் யார்? சென்னைப் பள்ளியின் முதல் ஐம்பது ஆண்டுகள் மூன்றாம் வினாவிலேயே பெரிதும் தவறின.