துரைசானியும் டத்தினும்

விளிச்சொல்லை மதிப்பிட இரண்டு அளவுகோல்கள் போதும். மரியாதை இருவழியும் செல்கிறதா என்பது ஒன்று. பெறுபவர் அதைத் தம் பணியால் பெறுகிறாரா, இன்னொருவரின் நிழலில் நின்று பெறுகிறாரா என்பது மற்றொன்று. மலேசியாவில் நீலாய்க்கும் சிரம்பானுக்கும் இடையே இரயில் பாதையை ஒட்டியிருக்கும் லாபு தோட்டங்களின் தமிழை இவ்விரண்டாலும் அளக்க முனைகிறேன். லாபுவுக்கென்று தனி வழக்கு இல்லை. மேற்குக்கரைத் தோட்டங்களுக்குப் பொதுவானதே அங்கும் வழங்கிற்று. மாதிரிக்கு அதுதான் நல்லது.

பழைய தோட்டத்து விளிமுறையின் முதல் சிறப்பு அதன் கட்டுக்கோப்பு. துரை (மேலாளர்), பெரிய கிராணி (எழுத்தர்), சின்ன கிராணி, கங்காணி என்று படிகள் குழப்பமின்றி அமைந்திருந்தன. விடியற்காலை ஆளெடுப்பான பெரட்டில் யார் யாரை எப்படி அழைப்பது என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. குறையும் அதே கட்டுக்கோப்பில்தான் இருந்தது. மேல்நோக்கிப் போனது ‘ஐயா’. கீழ்நோக்கி வந்தது ‘டா’வும் ‘டி’யும். முதல் அளவுகோலில் இம்முறைக்கு மதிப்பெண்ணே இல்லை.

இரண்டாவது அளவுகோலில் நிலைமை இன்னும் சிக்கலானது. துரையின் மனைவி துரைசானி, கிராணியின் மனைவி கிராணியம்மா. இரண்டும் கணவர் பதவியின் விகுதிகள். தம் வேலையால் பெயர் பெற்ற பெண்கள் அரிது: பிள்ளைக் கொட்டகை ஆயா, மருத்துவமனைச் செவிலியான மிஸி. பால்மரம் வெட்டிய பெண்ணுக்குப் பணிப்பெயர் கிடையாது. இன்னாரின் பெண்சாதி, இன்னாரின் ஆத்தா, அவ்வளவுதான். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியப் பகுதிகளில் நிலைநிறுத்தப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சொல்லிலும் கூலியிலும் கணக்கு ஒன்றாகவே எழுதப்பட்டது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளை இந்த முறைமையின் முதல் விமர்சன ஆவணம் என்பேன். கூலி உயர்வோடு, துரையின் எதிரே மிதிவண்டியை விட்டு இறங்காமல் போகும் உரிமையையும் அவர்கள் கேட்டார்கள்; பெண்கள் மீதான பாலியல் அத்துமீறல் நிற்க வேண்டும் என்றும் கேட்டார்கள். உடலின் மரியாதையைக் கூலிக்கு இணையாக வைத்தது பெரும் சாதனை. ஆனால் அப்பட்டியலில் பெண் காக்கப்பட வேண்டியவள் மட்டுமே. அவளைப் பெரட்டில் எப்படி அழைப்பது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

அக்கேள்விக்கு எதிர்பாராத இடத்திலிருந்து விடை வந்தது. 1943இல் தொடங்கிய, இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் பலர் சேர்ந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தவை படைப்பதவிகள்; கணவரும் தந்தையும் அவற்றில் இடம்பெறவில்லை. அப்படையில் உயர்பொறுப்பு வகித்தவர் ஜானகி. பின்னர் இந்தியர் காங்கிரஸ் கட்சியான ம.இ.கா.வின் தொடக்க கால உறுப்பினர், மேலவை உறுப்பினர், 2000இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ பெற்றவர். எனினும் 2014இல் மறையும்வரை பொதுவாழ்வு அவரைப் பெரும்பாலும் அழைத்தது ‘புவான் ஸ்ரீ’ ஜானகி ஆதி நாகப்பன் என்றே. கணவர் ‘தான் ஸ்ரீ’ பட்டம் பெற்றவர் என்பதால் வந்த அடைமொழி அது. அன்போடுதான் அழைத்தார்கள், ஐயமில்லை. குறை அவர்களுடையதன்று, துப்பாக்கி ஏந்திய பெண்ணையும் துரைசானி வார்ப்பில் ஊற்றிவிடும் முறைமையுடையது.

டத்தோ பட்டங்களும் இதே வார்ப்புத்தான். கணவர் டத்தோ ஆனால் மனைவி டத்தின்; மனைவி டத்தோ ஆனால் கணவருக்கு ஒன்றுமில்லை. சொந்தத் தகுதியில் பட்டம் பெறும் பெண்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அந்த அளவுக்கு இது துரைசானி முறையைவிட மேல். மனைவிக்குப் போவது கணவருக்குப் போகாத வரை முழுத் தேர்ச்சி கிடையாது. லாபு இருக்கும் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் அடாட் பெர்பாதே எனும் தாய்வழி வழக்கம் இங்கே ஒப்பிடத் தக்கது. பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. அரசரைத் தேர்ந்தெடுக்கும் உண்டாங் பதவியோ ஆண்களிடமே இருக்கிறது. சொத்தே பட்டத்தைக் கொண்டுவரவில்லை என்றால், கூலி கொண்டுவரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

துரை போனபின் அண்ணன், அக்கா என்ற உறவுவிளி பொதுவாழ்வை நிரப்பிற்று. முதல் அளவுகோலில் இது சிறக்கிறது. சட்டமன்ற உறுப்பினரும் பால்வெட்டுக்காரரை அண்ணன் என்றே அழைக்கிறார். சறுக்கல் மேடையில். ஆண்களைப் ‘பெரியோர்களே’ என்று வயதாலும் மதிப்பாலும் அழைக்கும் பேச்சாளர், பெண்களைத் ‘தாய்மார்களே’ என்று பிள்ளைப்பேற்றால் அழைக்கிறார். பிள்ளை பெறாத தலைவி எங்கே அமர்வது? 1932இல் பெரியார் பரிந்துரைத்த ‘தோழர்’ இரண்டு அளவுகோல்களிலும் தேறும். ஆனால் இங்கே அன்றாடப் பேச்சில் அது வேர்பிடிக்கவில்லை. வழங்காத சொல்லுக்குப் பரிசு தர முடியாது.

வழங்கும் சொற்களில் என் தேர்வு சிலருக்கு உவப்பாக இராது. தமிழ்ப்பள்ளியில் ஆண் ஆசிரியர் ‘ஐயா’, பெண் ஆசிரியர் ‘டீச்சர்’. தூய்மை நோக்கில் முன்னது உயர்ந்தது. ஆனால் ‘ஐயா’ தோட்டத்தில் மேல்நோக்கிப் போன அதிகாரவிளி. ‘டீச்சர்’ ஒரு பெண் செய்யும் வேலையின் பெயர், கணவரோ பிள்ளையோ இல்லாத பெயர். ஆசிரியர்களுக்கு மலாய்க்காரர் வழங்கும் ‘செக்கு’ இன்னும் ஒரு படி மேல். ஆண் பெண் இருவருக்கும் அதுவே. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினருக்கான ‘ஒய்.பி.’யும் அப்படியே.

மாற்றத்துக்குத் தேவையானது தமிழிலேயே இருக்கிறது. ‘அவர்’, ‘கூறினார்’ என்ற பலர்பால் மரியாதை, எழுத்தில் இருபாலுக்கும் ஒன்றே. ஒளவையாரும் பெரியாரும் அதே ‘ஆர்’ விகுதிக்காரர்கள். பேச்சில்தான் ‘அவரு’ ஆணுக்கும் ‘அவங்க’ பெண்ணுக்கும் பிரிந்துகொள்கின்றன; பெண் இளையவளாகவோ ஏழையாகவோ இருந்தால் ‘அது வந்துச்சு’ என்று அஃறிணைக்கே போய்விடுகிறது. நம் நாளேடுகள் ‘மாது ஒருவர்’ என்று எழுதும்போது இலக்கணம் பேச்சைவிட நேர்மையாக நடந்துகொள்கிறது. உறவுவிளியை வீட்டு வாசலுக்கும் திருவிழாவுக்கும் வைத்துக்கொள்ளலாம், அங்கே அதற்கு நிகரில்லை. பள்ளி அழைப்பிதழிலும் சங்க அறிக்கையிலும் அவரவர் பெயரும் பொறுப்பும் வரட்டும். ‘திருமதி’யை அடுத்துக் கணவர் பெயரை மட்டும் அச்சிடும் வழக்கத்தை முதலில் நிறுத்தலாம்.