தன் கைக்கு ஒரு பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டாரை வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள். செலவு குறையும்; நல்ல மரமாகப் பார்த்து எடுத்தால் ஒலி சிறக்கும்; தன் கைக்கும் உடம்புக்கும் பொருந்தும்படி அமைத்துக்கொள்ளலாம். முதல் காரணம் நடைமுறையில் நிற்பதில்லை. இரண்டாவது மிகைப்பட்டது. மூன்றாவது மட்டும் அத்தனை உழைப்புக்கும் தகுதியானது. ஆனால் உழைப்பில் பெரும்பகுதி முதல் இரண்டின் பின்னால்தான் போகிறது.

பேஸ் கிட்டார் வீட்டில் செய்யக்கூடிய கருவியாக ஆனதற்கு ஒரு தொழிற்சாலைதான் காரணம். 1951இல் கலிஃபோர்னியாவின் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது, தட்டையான கெட்டிப் பலகை உடலில் நெக்கைத் திருகுகளால் பூட்டினார். வேகமாக உற்பத்தி செய்ய வகுத்த அமைப்பு அது. டபுள் பேஸுக்குப் போல மேற்பலகையைக் குடைந்து செதுக்க வேண்டாம். பக்கப் பலகையைச் சூடேற்றி வளைக்க வேண்டாம். மரத்தைக் குடையும் ரூட்டரைக் கையாளத் தெரிந்தவருக்கு உடல் பகுதி எட்டாத வேலையல்ல.

ஆனால் தொழிற்சாலை சராசரிக் கைக்குச் செய்கிறது. 34 அங்குல ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 863.6 மி.மீ. என்பது இன்றும் பரவலான அளவு. சிறிய விரல்களுக்கு நெக்கின் குறுக்கே பதித்த முதல் நான்கு ஃபிரெட்களை எட்டுவதே சிரமம். 30 அங்குலமோ 32 அங்குலமோ வைத்துக்கொள்ளும் உரிமை தானே செய்பவருக்கு உண்டு. நெக்கின் அகலம், பின்புற வளைவு, மொத்த எடை எல்லாம் அவர் கையில். தோள்வாரைப் பூட்டும் மேற்கொம்பு போதிய நீளம் இல்லாவிட்டால் தலைப்பக்கம் தாழ்ந்துகொண்டே இருக்கும். இடக்கை அதைத் தாங்கியே களைத்துப்போகும். இதை வரைபடத்திலேயே சரிசெய்துகொள்ளலாம்.

ஒருவரின் தேவை கருவியின் வரலாற்றையே மாற்றியதும் உண்டு. பேஸ் கலைஞர் பில் வைமன் 1961இல் ஒரு மலிவான பேஸை வாங்கி, உடலை அறுத்துச் சிறிதாக்கி, புதிதாகப் போடலாம் என்று பழைய ஃபிரெட்களைப் பிடுங்கினார். அப்போது வந்த ஒலி பிடித்துப்போக, ஃபிரெட் இல்லாமலே வாசித்தார். பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சன் கேட்டதற்காகக் கருவி செய்பவரான கார்ல் தாம்சன் 1975இல் செய்துகொடுத்தது ஆறு கம்பி பேஸ். கடைகளில் கிடைத்ததோடு ஒருவர் நிறைவடையாததால்தான் இவை பிறந்தன.

இனி மரம். பலகை உடல் கொண்ட மின்கருவியில் பிக்கப் உணர்வது காந்தப்புலத்தில் கம்பியின் அசைவை. கம்பி எது, பிக்கப் எது, அது பிரிட்ஜிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, விரல் எங்கே படுகிறது என்பவையே ஒலியைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. கருவி வடிவமைப்பாளர் நெட் ஸ்டைன்பெர்கரின் தலையில்லா பேஸ் கார்பன் இழையும் எப்பாக்சியும் கொண்டது. உடலில் மரமே இல்லாத அதைத் தேர்ந்த கலைஞர்கள் மேடையேற்றினார்கள். அரிய மரத்துக்குச் செலவிடும் பணம் கண்ணுக்கு அழகு சேர்க்கும். அதைக் காதுக்கான செலவாகக் கணக்கெழுதுவது தவறு.

மரத்தின் குணம் உண்மையில் முக்கியமாவது நெக்கில். நான்கு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. ஈரம் சரியாக உலராத மரம் ஒரே பருவமாற்றத்தில் முறுக்கிக்கொள்ளும். நெக்கின் உள்ளே பதித்த உலோகத் தண்டான டிரஸ் ராட் முன்வளைவைத் திருத்தும்; முறுக்கலைத் திருத்தாது. நெக் அதிரும் விதத்தைப் பொறுத்துச் சில இடங்களில் சுரம் சட்டென்று அடங்கிவிடும். பல பேஸ்களில் ஜி கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டை ஒட்டி இதைக் கேட்கலாம்.

புதியவர்கள் அஞ்சுவது ஃபிரெட்டின் இடத்துக்கு. அதற்குக் கணக்கு இருக்கிறது: மீதமுள்ள நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டின் தூரம். 34 அங்குலத்துக்கு முதல் ஃபிரெட் 48.5 மி.மீ.யில் விழும். எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளந்தால் பிழை சேராது. ஒரு மி.மீ. தவறினால்கூட முதல் ஃபிரெட்டில் 2 சென்ட், இருபதாவதில் 6 சென்ட்தான் பிசகும். அரைச்சுரம் என்பது 100 சென்ட். ஃபிரெட்டின் உயரம் அப்படியல்ல. தடித்த ஈ கம்பி அகலமாக ஆடுவது. ஒரு ஃபிரெட் மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு தூக்கலாக இருந்தாலும் இரைச்சல் தட்டும். கருவியின் தரம் முடிவாவது ஃபிரெட்களின் உயரத்தைச் சமன்படுத்துவதில். வார்னிஷ் பளபளப்புக்குத் தரும் பொறுமையில் பாதியாவது இதற்குத் தந்தால் பல கருவிகள் பிழைக்கும்.

செலவைப் பார்ப்போம். பிரிட்ஜ், டியூனர், பிக்கப் என்று சில்லறையில் வாங்கும் உதிரிகளும் கருவிப்பெட்டியும் சேர்ந்தாலே நடுத்தரக் கடை பேஸின் விலையை எட்டிவிடும். விற்கப் போனால் உழைப்புக்கு விலை கிடைக்காது. வீடு என்பதால் இன்னொரு பொறுப்பும் உண்டு. மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவுப் புற்றுக்காரணியாக வகைப்படுத்தியிருக்கிறது. அதைக் குழந்தைகள் புழங்கும் அறைக்குள் பறக்கவிடுவதை எந்த ஆர்வமும் நியாயப்படுத்தாது. மரத் தேர்விலும் பொறுப்பு உண்டு. ஃபிங்கர்போர்டுக்கு உலகெங்கும் விரும்பப்படும் ஈட்டி மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைவது. 2017இல் அந்த மரப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019இல் தளர்வு கிடைத்தது செய்துமுடித்த கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும்தான். பழைய மரச்சாமானிலிருந்து எடுத்த பலகை நேர்மையானது, நன்கு உலர்ந்ததும்கூட.

கிட்டார் கலைஞர் பிரையன் மே தன் தந்தையுடன் 1963இல் தொடங்கிச் செய்த ரெட் ஸ்பெஷல் இங்கே நல்ல பாடம். அது பேஸ் அல்ல, கிட்டார். ஆனால் வழி ஒன்றுதான். பழைய கணப்புச் சட்டத்தின் மரம் நெக் ஆயிற்று. பிக்கப்களையும் அவரே சுற்றினார். கம்பியை இழுத்து வளைக்கையில் அவை ஒத்துழைக்காததால் பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்களை வாங்கிப் பொருத்தினார். அதனால் அக்கருவியின் பெருமை குறைந்துவிடவில்லை.

எல்லாவற்றையும் கையால் செய்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் இப்பழக்கத்தின் பெரிய பலவீனம். வாசிப்பவரின் உடம்பை அளந்து தொடங்குவது அதன் பெரிய பலம். முதல்முறை செய்பவர் ஆயத்த நெக் ஒன்றை வாங்கி, உடலையும் சமநிலையையும் தானே வகுத்து, ஃபிரெட் சமன்படுத்தலைக் கற்றுக்கொள்வதே சரியான வழி. நெக் இரண்டாம் கருவிக்குக் காத்திருக்கலாம். தன் கருவி ஏன் இரைகிறது, ஏன் சாய்கிறது என்பதை அறிந்து திருத்தத் தெரிந்த இசைஞர், பிறகு எந்தக் கடையில் எந்த பேஸை வாங்கினாலும் ஏமாற மாட்டார்.