சட்டத்தின் சொல்நயம்

இலக்கியத்தை மட்டுந்தான் திறனாய வேண்டுமா, தோழர்களே? சட்டத்தை ஆய்ந்தால் ஆகாதா? ஒரு சொல்லால் காப்பியம் உயர்வதுண்டு; ஒரு சொல்லால் ஓர் இனத்தின் உரிமை சாய்வதுமுண்டு.

விழுப்புரத்திலிருந்து புதுவை செல்லும் சாலையில் இருக்கிறது கண்டமங்கலம். அதற்குக் கிழக்கே முன்னாள் பிரெஞ்சு மண். இருபுறமும் அதே தமிழ், அதே உழவன். ஆனால் மொழி பற்றி எழுதப்பட்ட ஏடுகளோ இரண்டு!

இந்தியாவும் பிரான்சும் 1956இல் கையொப்பமிட்டு, 1962இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் ஓர் ஏடு. மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யும் வரையில் பிரெஞ்சே ஆட்சிமொழி என்கிறது அதன் 28ஆம் விதி. பிரெஞ்சு பேசியோர் அங்கே மிகச் சிலர், அது கிடக்கட்டும். முடிவுகட்டும் உரிமை மக்களின் பிரதிநிதிகளிடம் விடப்பட்டதே, அதுதான் அந்த வாக்கியத்தின் அழகு! 1965இல் புதுவைச் சட்டமன்றம் தமிழை ஆட்சிமொழியாக்கிற்று. மாகியில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடம் தந்தது.

மற்றொன்று அரசியல் சட்டம். அதன் 343ஆம் விதியில் இந்தியே ஆட்சிமொழி. ‘மக்களின் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யும் வரை’ என்ற தொடர் அங்கே இல்லை. ஆங்கிலத்துக்குப் பதினைந்தாண்டுத் தவணை. 1963ஆம் ஆண்டுச் சட்டமோ, அதன்பிறகும் ஆங்கிலம் தொடர‘லாம்’ என்றது. ‘லாம்’! ‘வேண்டும்’ என்று எழுதுக என மாநிலங்களவையில் வாதிட்டார் அண்ணா. இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்றார் நேரு. ஒன்றேயானால் மாற்றி எழுதத் தயக்கம் ஏன்? 1965இல் தமிழகம் குருதி சிந்திற்று. அதன் பிறகே 1967இல் திருத்தம் வந்தது: இந்தியை ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் இசைந்து, நாடாளுமன்றமும் தீர்மானித்தாலன்றி ஆங்கிலம் நீங்காது. புதுவைக்கு ஒரு கையொப்பத்தில் கிடைத்த வாக்கியத்தின் உறவுமுறை நமக்குக் கிடைக்கப் பதினோராண்டு!

அதுவும் ஆங்கிலத்துக்கு அரண். தமிழுக்கு டில்லியில் இருக்கை அன்று. 350ஆம் விதியைப் பாருங்கள். குறையுள்ளவன் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் மத்திய அரசுக்கு முறையிடலாமாம். விடை எந்த மொழியில்? விதி வாய் திறக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் 2007ஆம் ஆண்டு மொழிச் சட்டமோ, குடிமகன் எழுதிய ஆட்சிமொழியிலேயே விடை தருக என்கிறது. ஓர் இலட்சம் பேர்கூடப் பேசாத ரோமான்சுக்கும் அங்கே அந்த மதிப்பு உண்டு. கண்டமங்கலத்து உழவனும் தமிழில் எழுதலாம். அவனுக்கு வரும் விடையை யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வான்?