வெப்ஓடிஎம்மும் குருக்கள்மடத்தின் உயரமும்

ட்ரோன் படங்களைப் பொருத்தி வரைபடமாக்கும் திறந்த மூல மென்பொருளான வெப்ஓடிஎம், கிடை ஆள்கூறுகளைக் கையாள்வதில் நம்பத்தக்கது. ஒவ்வொரு படத்திலும் பதிந்திருக்கும் அகலாங்கு, நெட்டாங்குகளை அது யூடிஎம் முறைக்கு மாற்றிக்கொள்ளும். மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள குருக்கள்மடம் உட்பட இலங்கை முழுவதும் அந்த முறையில் 44 வடக்கு வலயத்தில் அடங்கும். நில அளவைத் திணைக்களத்தின் இன்றைய வரைபடங்களோடு பொருந்த வேண்டுமானால், ஏற்றுமதியின்போது ஈபிஎஸ்ஜி 5235 என்ற எண்ணைக் கொடுத்தால் போதும். தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் கோப்பிலும் முதல் வரியில் அதே எண்ணை எழுதலாம். பழைய கண்டவளை முறையின் எண் 5234. அதன் மூலப்புள்ளிக்கு 2,00,000 மீட்டர் என்றும் புதியதன் மூலப்புள்ளிக்கு 5,00,000 மீட்டர் என்றும் மதிப்பு இடப்பட்டிருப்பதால், ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் தவறு உடனே தெரிந்துவிடும். கியூஜிஐஎஸ் மென்பொருளில் ஆள்கூறுகளை மாற்றுவதற்குப் பதிலாக முறையின் பெயரை மட்டும் ஒட்டிவிடுவதுதான் உண்மையான ஆபத்து. இரு முறைகளின் நீள்கோளமும் (பூமியின் வடிவத்துக்கான கணித மாதிரி) அதன் நிலையும் வேறுபடுவதைக் கணக்கில் எடுக்காவிட்டால் இங்கே படம் கிழக்கு மேற்காகச் சுமார் 200 மீட்டர் நகர்ந்துவிடும். வாவிக்கும் வங்கக்கடலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில், கரையோர வளவொன்று கடலுக்குள் போய்விட அது போதும்.

ஆனாலும் இந்த மென்பொருளை எடைபோட வேண்டிய இடம் உயரம் என்பதே என் கருத்து. உலகிலேயே ஜியோயிட், அதாவது சராசரிக் கடல்மட்டத்தை ஒத்த புவியீர்ப்புப் பரப்பு, மிகத் தாழ்ந்திருக்கும் பகுதி இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. அதனால் மட்டக்களப்புக் கரையில் சராசரிக் கடல்மட்டமே செயற்கைக்கோள் கணக்கின் நீள்கோளத்துக்கு 90 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. நிலையைத் துல்லியமாகத் திருத்தும் ஆர்டிகே வசதியுள்ள ட்ரோன் அந்த நீள்கோள உயரத்தை எழுதும். வெப்ஓடிஎம் கொடுத்ததை அப்படியே ஏற்கும், ஜியோயிட்டைக் கழித்துத் தராது. ஆகவே உயரப்படத்தில் கோயிலும் வயலும் வீதியும் மறை எண்களில் வரும். ஆர்டிகே இல்லாத ட்ரோனின் உயரத்தை அந்த அளவுக்குக்கூட நம்ப முடியாது. மழைக்காலத்தில் வாவி பெருகும்போது எந்த வளவில் தண்ணீர் ஏறும், எதில் ஏறாது என்பது அரை மீட்டர் வித்தியாசத்தில் தீர்மானமாகும் ஊர் இது. இங்கே உயரம் பிழைத்த வரைபடத்தை, எவ்வளவு துல்லியமான படமானாலும், வெள்ளத் திட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஒரு நிலையான எண்ணைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடுமே என்று சொல்வார்கள். ஒரு கிராமத்தின் அளவுக்கு அது நியாயமான வழிதான், ஏனென்றால் அவ்வளவு சிறிய பரப்பில் ஜியோயிட் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது? உலக மாதிரியிலிருந்து எடுத்தால் உள்ளூர்க் கடல்மட்டத்திலிருந்து பல பத்து சென்டிமீட்டர் விலகக்கூடும். கொழும்பில் யாரோ பயன்படுத்திய எண் இங்கே செல்லாது. திணைக்களத்தின் மட்டக்குறியிலிருந்து கொண்டுவந்த உயரத்தைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளுக்குக் கொடுப்பதே சரியான வழி. குறைந்தது 5 புள்ளிகள், ஒவ்வொன்றும் 3 படங்களிலாவது தெரிய வேண்டும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் இந்தத் தொல்லை இல்லை என்பதும் முழு உண்மையல்ல. அவை ஜியோயிட் கோப்பை ஏற்கும் வசதியைத் தருகின்றன, ஆனால் எந்தக் கோப்பு என்று தீர்மானிப்பவர் பயன்படுத்துபவரே. மண் குவியலின் கன அளவையோ வயலின் பரப்பையோ மட்டும் அறிய விரும்புபவருக்கு இவ்வளவும் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். யூடிஎம்மில் இங்கே கிலோமீட்டருக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் குறைவதை மட்டும் அவர் கவனித்தால் போதும். 5235 என்ற எண்ணுள்ள இலங்கை ஆள்கூற்று முறையில் அளவுப் பிழை கிலோமீட்டருக்குச் சுமார் 7 சென்டிமீட்டர்தான்.

வாவியைக் கடக்கும் ஓடத்துறையின் இரு கரைகளையும், அதாவது குருக்கள்மடத்தையும் அம்பிளாந்துறையையும், ஒரே வரைபடத்தில் கொண்டுவர முயல்பவருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அசையும் நீர்ப்பரப்பில் மென்பொருளுக்குப் பொருத்தப் புள்ளிகள் கிடைக்காது. கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் தனித்தனித் துண்டுகளாகவே நிற்கும், ஒவ்வொன்றுக்கும் தன் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வேண்டும். இதே வாவி ஒரு சோதனையையும் தருகிறது. காற்று அடங்கிய வேளையில் இரு கரையின் நீர்விளிம்பும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். ஒரே நேரத்தில் எடுத்த படங்களில் அவற்றின் உயரம் கணிசமாக வேறுபட்டால், ஏதோ ஒரு கரையில் உயரத்துக்கான அடிப்படை தவறியிருக்கிறது. அந்த ஒப்பீட்டை முடிக்கும்வரை வரைபடத்தைப் பிரதேச செயலகத்தில் கையளிக்கக் கூடாது.